ஸ்கோன் ஏன் எழும்பாமல் கல்லாகிறது? நம்ம ஊர் வெயிலிலும் வீட்டு ஓடிஜியிலும் சரியாக வர வழி

ஸ்கோன் என்பது மைதா, வெண்ணெய், பேக்கிங் பவுடர் சேர்த்துச் சுடும் சின்ன பிரிட்டிஷ் பண்டம்; ஓடிஜி என்பது வீட்டு மின்சார ஓவன். இதைப் பற்றி ஒருவர் கேட்ட கேள்வி இதுதான்: "கிருஷ்ணகிரியில் இருக்கிறேன். வீட்டில் 28 லிட்டர் ஓடிஜி இருக்கிறது. யூடியூப் பார்த்து ஸ்கோன் செய்தால் உயரமே வருவதில்லை. ஓரம் பரந்து, ஆறியதும் பிஸ்கட் மாதிரி கடினமாகிவிடுகிறது. மைதா, வெண்ணெய், பேக்கிங் பவுடர் எல்லாம் சொன்ன அளவுதான் போடுகிறேன். எங்கே தப்பு?"

அளவு சரியாக இருந்தும் இப்படி ஆகிறது என்றால் தப்பு கையிலும் சூட்டிலும்தான் இருக்கும். சப்பாத்திக்குப் பழகிய கை மாவைக் கண்டதும் அழுத்திப் பிசையும், ஸ்கோனுக்கு ஆகாததே அதுதான். அடுத்தது, ஏப்ரல் மே மாதத்தில் சமையலறையிலேயே வெண்ணெய் உருகிவிடுகிறது. மூன்றாவது, ஓடிஜி போதுமான அளவு சூடாவதற்கு முன்பே தட்டு உள்ளே போய்விடுகிறது. பரந்து போவது உருகிய வெண்ணெயாலும் சூடு பற்றாத அடுப்பாலும். கடினமாவது பிசைந்ததாலும், எழும்பாத மாவு நெடுநேரம் காய்ந்ததாலும். உங்கள் வீட்டில் இரண்டும் சேர்ந்து நடக்கிறது.

முதலில் அளவு. 9 ஸ்கோனுக்கு மைதா 250 கிராம், பேக்கிங் பவுடர் 12 கிராம் (தலைதட்டி இரண்டரை டீஸ்பூன்), பொடித்த சர்க்கரை 40 கிராம், வெண்ணெய் 65 கிராம், குளிர்ந்த பால் 130 முதல் 145 மில்லி வரை, மேலே தடவக் கொஞ்சம் பால் அல்லது ஒரு முட்டையின் மஞ்சள் கரு. உப்பில்லாத வெண்ணெய் என்றால் கால் டீஸ்பூன் உப்பு. மஞ்சள் அட்டையில் வரும் சாதாரண அமுல் வெண்ணெயில் உப்பு ஏற்கெனவே இருப்பதால் தனியாகப் போட வேண்டியதில்லை. முட்டை சேர்க்க விரும்பினால் ஒரு முட்டையை அடித்து, அதோடு பால் ஊற்றி மொத்தம் 140 மில்லி ஆக்கிக்கொள்ளுங்கள். முட்டை போட்டால் நிறமும் உள்பக்கத்தில் கொஞ்சம் கேக் தன்மையும் கூடும், போடாவிட்டாலும் குறை ஒன்றுமில்லை.

கப் கணக்கை விட்டுவிட்டுத் தராசுக்கு வாருங்கள். தளர்வாக அள்ளிய ஒரு கப் மைதா 120 கிராம் இருக்கும். அதே கப்பை மாவு டப்பாவில் அழுத்தி அள்ளினால் 150 கிராம் வரை போகும். இரண்டு கப்பில் 60 கிராம் வித்தியாசம் வந்தால் மாவு வறண்டு போகும், வறண்ட மாவு எழும்பாது. இங்கிலாந்துச் சமையல் குறிப்புகளில் 'செல்ஃப் ரைசிங்' மாவு என்று போட்டிருப்பார்கள். பேக்கிங் பவுடர் கலந்தே வரும் மாவு அது. நம் மளிகைக் கடைகளில் கிடைக்காது, தேடவும் வேண்டாம். 100 கிராம் மைதாவுக்கு ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர் சேர்த்து இரண்டு முறை சலித்தால் அதுதான் செல்ஃப் ரைசிங் மாவு.

பேக்கிங் பவுடர் விஷயத்தில் ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. கடையில் கேட்டால் ஆப்ப சோடாவை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். சோடாவில் காரத்தன்மை (புளிப்புக்கு எதிரானது) மட்டும்தான் உண்டு. அது பொங்க மோர், தயிர் போல ஏதாவது புளிப்பு வேண்டும். பேக்கிங் பவுடரில் சோடாவும் அதற்கு வேண்டிய புளிப்பு உப்பும், ஈரம் படாமல் காக்கக் கொஞ்சம் ஸ்டார்ச்சும் சேர்ந்தே இருக்கும். பர்மிங்காமைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பேர்ட் 1843-ல் இதைக் கண்டுபிடித்தார், அவருடைய மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது என்பதால். இப்போது கிடைக்கும் பெரும்பாலான பவுடர்கள் இரண்டு கட்டமாக வேலை செய்பவை: பால் பட்டதும் ஒரு பகுதி வாயு வரும், மீதி அடுப்புச் சூட்டில் வரும். பேக்கிங் பவுடர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சோடாவைப் போட்டால் ஸ்கோன் பழுப்பு மஞ்சளாகி, சோப்பு வாடை அடிக்கும்.

டப்பா திறந்து ஆறு மாதம் ஆகியிருந்தால் சோதித்துப் பாருங்கள். அரை டம்ளர் சுடுதண்ணீரில் அரை டீஸ்பூன் போட்டால் உடனே சரசரவென்று நுரைத்துப் பொங்க வேண்டும். மேலே நாலு குமிழி வந்து அடங்கினால் அது செத்த பவுடர், அளவைக் கூட்டிப் போட்டாலும் கசப்புதான் மிஞ்சும். காகிதப் பொட்டலத்தில் தேதி இல்லாமல் விற்கும் சில்லறைப் பவுடரை வாங்கவே வேண்டாம்.

இனி வெண்ணெய். எல்லாவற்றையும்விட இங்கேதான் கவனம் வேண்டும். ஸ்கோனில் வெண்ணெய் மாவோடு கரைந்து ஒன்றாகக் கூடாது. பயறு அளவுத் துணுக்குகளாக மாவுக்குள் ஒட்டாமல் கிடக்க வேண்டும். அடுப்பில் அந்தத் துணுக்கு உருகும்போது அதிலுள்ள தண்ணீர் ஆவியாகி மாவைத் தள்ளும், அந்த இடம் பொரபொரப்பான அடுக்காகும். வெண்ணெய் 20 டிகிரியிலேயே இளகத் தொடங்கி 32-லிருந்து 35-க்குள் உருகிவிடும். நம் உள்ளங்கைச் சூடே கிட்டத்தட்ட அவ்வளவு. கோடையில் வெயில் 38 டிகிரியைத் தாண்டும் தர்மபுரியில் மதியம் இரண்டு மணிக்கு, அடுப்பு வேறு எரிந்துகொண்டிருக்கும் சமையலறையில் வெண்ணெயைக் கையால் தேய்த்தால் இரண்டே நிமிடத்தில் மாவு எண்ணெய்ப் பசையாக மின்ன ஆரம்பிக்கும். அப்படி மின்னினால் அதற்குமேல் தேய்க்காமல் பாத்திரத்தோடு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், அரை மணி நேரம் கழித்துத் தொடரலாம். ஓசூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் குறைவு. சுமார் 900 மீட்டர் உயரம், காலை நேரத்தில் வெண்ணெய் கல் மாதிரி நிற்கும்.

வெயிலுக்கு ஏற்ற வழி, தேய்ப்பதையே குறைப்பது. வெண்ணெயை முந்தின இரவு ஃப்ரீசரில் வையுங்கள். மைதா, பேக்கிங் பவுடர், சர்க்கரை மூன்றையும் ஓர் அகலப் பாத்திரத்தில் சலித்து, அதையும் ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். பிறகு கேரட் துருவியின் பெரிய கண்ணில் வெண்ணெயை நேராக மாவின் மேலேயே துருவுங்கள், பிடிக்கிற பக்கம் காகிதம் சுற்றியிருக்கட்டும். கால்வாசி துருவியதும் ஒரு முள்கரண்டியால் மாவைப் புரட்டிவிட்டு மறுபடி துருவுங்கள், இல்லாவிட்டால் துருவல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். எல்லாம் துருவியபின் விரல் நுனிகளால் மட்டும், மாவைத் தூக்கித் தூக்கி உதிர்ப்பதுபோல் ஒரு நிமிடம். உள்ளங்கை படக் கூடாது. ஈரமான ரவை நடுவே அங்கங்கே பயறு கிடப்பதுபோலத் தெரிந்தால் போதும்.

வீட்டில் மோர் கடைந்து எடுத்த வெண்ணெயைப் பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. கடையில் வாங்குவதைவிட வாசனை நன்றாகவே இருக்கும். ஆனால் அதில் தண்ணீர் அதிகம். ஐஸ் தண்ணீரில் இரண்டு முறை அலசி, கையால் நன்றாகப் பிழிந்து, கட்டியாக உறைய வைத்துப் பிறகு எடை போடுங்கள். பாலையும் ஒரு மேசைக்கரண்டி குறைத்துக்கொள்ளுங்கள். நெய் வேண்டாம். அதில் தண்ணீரே இல்லாததால் ஆவி வராது, மாவு நான்கட்டாய்போல் மணல் மணலாக உதிரும், அடுப்பில் பரவும். வனஸ்பதி உயரத்தைக் கொடுக்கும், ஆனால் நாக்கில் மெழுகு ஒட்டின மாதிரி நிற்கும். ஸ்கோனில் வேறு வாசனைப் பொருளே இல்லை, வெண்ணெயின் ருசிதான் அதன் ருசி. அந்த இடத்தில் வனஸ்பதி போடுவதைவிட ஸ்கோனைச் செய்யாமலேயே இருக்கலாம்.

அடுத்தது பால் சேர்ப்பது. மாவின் நடுவில் குழி செய்து 130 மில்லியையும் ஒரே தடவையில் ஊற்றுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் முதலில் நனைந்த பகுதி பிசையப்பட்டுக்கொண்டே இருக்கும், மீதி காய்ந்து கிடக்கும். கையை விட வேண்டாம். சாப்பாட்டு மேசைக் கத்தி அல்லது மெல்லிய தோசைக் கரண்டியால் பாத்திரத்தைச் சுற்றிச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு திருப்பு. அடியில் காய்ந்த மாவு தெரிந்தால் மட்டும் மீதி 15 மில்லியை அந்த இடத்தில் தெளியுங்கள். சேர்ந்தும் சேராமல், விரலில் ஒட்டும் பதம்தான் சரியான பதம். சப்பாத்தி மாவுபோல் வழவழப்பாக உருண்டு வந்தால் அப்போதே ஸ்கோன் கெட்டுவிட்டது என்று அர்த்தம். கோதுமை மாவில் தண்ணீர் பட்டு, அதை அழுத்தித் தேய்க்கத் தேய்க்க உள்ளே ரப்பர்போல ஒரு வலை உருவாகும். பரோட்டாவுக்கு அந்த வலைதான் உயிர், வீசி அடித்தால் கிழியாமல் விரிவது அதனால்தான். பேக்கிங் பவுடரின் வாயுவுக்கு அவ்வளவு பலம் கிடையாது. இறுகிய வலையைத் தள்ள முடியாமல் அது தோற்றுப்போகும்.

பாலுக்குப் பதில் பாதித் தயிர் பாதிப் பால் சேர்த்தால் உள்பக்கம் இன்னும் மெத்தென்று இருக்கும். புளிக்காத கெட்டித் தயிர் 65 மில்லி, பால் 70 மில்லி. அப்போது பேக்கிங் பவுடரை இரண்டு டீஸ்பூனாகக் குறைத்து, அரைக்கால் டீஸ்பூன் ஆப்ப சோடா சேர்க்க வேண்டும். தயிரின் புளிப்பை அந்தச் சோடா எடுத்துக்கொள்ளும். பால் ஆவின் பச்சை பாக்கெட்டே போதும். காய்ச்சி, ஆற வைத்து, ஃப்ரிட்ஜில் குளிர்ந்ததாக இருக்கட்டும்.

மேடையில் கொஞ்சம் மைதா தூவி, கலவையைக் கொட்டி, கையில் மாவு தொட்டுக்கொண்டு மெதுவாகத் தட்டுங்கள். பாதியாக மடித்து மறுபடி தட்டுங்கள். இப்படி மூன்று மடிப்பு, அதற்குமேல் வேண்டாம். சப்பாத்திக் கட்டை தேவையில்லை. கடைசியில் 13 சென்டிமீட்டர் சதுரம், 2.5 சென்டிமீட்டர் கனம். ஒரு ஸ்கேலை நிறுத்திப் பாருங்கள். நம் கண்ணுக்கு 2.5 என்று தோன்றுவது பெரும்பாலும் ஒன்றரைதான் இருக்கும். மாவை மெல்லிசாகத் தட்டிவிட்டு உயரம் வரவில்லை என்று வருந்துபவர்கள்தான் அதிகம்.

வெட்டுவதற்குச் சில்வர் டம்ளரை எடுக்காதீர்கள். அதன் விளிம்பு சுருட்டி மழுங்கியிருக்கும். மாவை வெட்டாமல் அமுக்கி, மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் ஒட்டிவிடும். ஓரம் ஒட்டிக்கொண்டால் அந்தப் பக்கம் எழும்பாது. கூர்மையான வட்ட அச்சு இருந்தால் மாவில் தொட்டு, நேராக இறக்கி, நேராக எடுங்கள், திருக வேண்டாம். அச்சு இல்லையென்றால் பெரிய கத்தியால் குறுக்கும் நெடுக்கும் இரண்டிரண்டு வெட்டு, 9 சதுரத் துண்டுகள். சதுரம்தான் நல்லது என்று சொல்வேன், ஏனென்றால் வட்டமாக வெட்டினால் மிஞ்சும் மாவைத் திரும்பச் சேர்த்துத் தட்ட வேண்டும், அந்த இரண்டாம் தடவை ஸ்கோன் எப்போதும் கொஞ்சம் கடினமாகத்தான் வரும். வெட்டிய துண்டுகளைத் தட்டில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் வையுங்கள். வேகும்போது ஒன்றையொன்று தாங்கி மேலே போகும். தட்டோடு 15 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் வெண்ணெய் மறுபடி இறுகும். பால் அல்லது மஞ்சள் கருவை மேற்பரப்பில் மட்டும் தடவ வேண்டும். பக்கவாட்டில் வழிந்தால் அது முதலில் வெந்து பிடித்துக்கொண்டு ஸ்கோனை ஒரு பக்கமாகச் சாய்த்துவிடும்.

இனி உங்கள் ஓடிஜி. குமிழை 220-ல் வைத்து, மேல் கீழ் இரண்டு கம்பியும் எரிய, குறைந்தது 20 நிமிடம் காய விடுங்கள். விளக்கு அணைந்தாலும் அவசரப்படாதீர்கள். காற்று சூடாகியிருக்கும், உள்சுவர் இன்னும் சூடாகியிருக்காது. சாயங்காலம் எல்லா வீட்டிலும் மோட்டாரும் ஏசியும் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் குறையும் தெருக்கள் நம் பக்கம் நிறைய. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 190 வந்தால் கம்பியின் சூடு ஆறில் ஒரு பங்குதான் குறையும் என்று நினைப்போம், உண்மையில் மூன்றில் ஒரு பங்கு குறையும். 1500 வாட் அடுப்பு 1000 வாட்டாகிவிடும். காய அதிக நேரம் பிடிக்கும். கதவைத் திறந்து தட்டை வைத்ததும் இறங்கிய சூடு மறுபடி ஏற நெடுநேரமாகும், அந்த இடைவெளியில்தான் வெண்ணெய் உருகி ஸ்கோன் பரந்து போகிறது. அதனால் காலையில் பேக் செய்யுங்கள். ஓடிஜிக்குள் வைக்கும் சின்ன வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். குமிழ் 220 காட்டும்போது உள்ளே 190 இருக்கும் அடுப்புகள் உண்டு.

தட்டு நடு அடுக்கில். உள்ளே வைத்ததும் 210-க்குக் குறைத்து 13 முதல் 15 நிமிடம். விசிறி உள்ள அடுப்பில் 195 போதும். முதல் 10 நிமிடம் கதவைத் திறக்கக் கூடாது. அடி சீக்கிரம் கருகினால் கறுப்புத் தட்டுக்கு அடியில் இன்னொரு தட்டை வையுங்கள். மேலே வெளுத்தே இருந்தால் கடைசி இரண்டு நிமிடம் மேல் கம்பி மட்டும். வெந்ததற்கு அடையாளம் பக்கவாட்டில் தெரியும்: நடுவில் ஒரு வெடிப்புக் கோடு ஓடி, அந்த இடம் ஈரமாக மினுங்காமல் உலர்ந்திருக்கும், அடி பொன்னிறமாக இருக்கும். மேற்புறத்தில் கரும்புள்ளிகள் வந்தால் சர்க்கரையைப் பொடிக்காமல் போட்டிருக்கிறீர்கள். உள்ளே மஞ்சள் புள்ளிகள் வந்தால் பேக்கிங் பவுடரோ சோடாவோ சரியாகச் சலிக்கப்படவில்லை.

ஓவனே இல்லாதவர்கள் விட்டுவிட வேண்டியதில்லை. ஸ்காட்லாந்தில் ஸ்கோன் முதலில் கல்லில்தான் சுடப்பட்டது, இன்றும் அங்கே அந்த வகை இருக்கிறது. மேலே சொன்ன மாவில் பாதியை 13, 14 சென்டிமீட்டர் வட்டமாக, ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் தட்டி, நான்கு முக்கோணமாக வெட்டுங்கள். கனமான இரும்பு தோசைக்கல்லைச் சின்னத் தீயில் பத்து நிமிடம் காய வைத்து, ஒரு சிட்டிகை மைதா தூவிப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் இளம்பழுப்பானால் சூடு சரி, உடனே கறுத்தால் அதிகம். எண்ணெய் தடவ வேண்டாம், மாவு தூவினால் போதும். ஒரு பக்கம் ஆறேழு நிமிடம், மறுபக்கம் அதே அளவு, பிறகு வெட்டிய ஓரங்களை நிறுத்தி வைத்து ஒவ்வொரு நிமிடம். ஓவனில் வருகிற உயரம் வராது. ஆனால் மேலும் கீழும் மொறுமொறுப்பாக, நடுவில் மிருதுவாக நன்றாகவே வரும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: தினமும் வெங்காயம் தேய்த்துத் தோசை வார்க்கும் கல்லில் அந்த வாசம் ஊறியிருக்கும், இனிப்பு ஸ்கோனில் அது அப்படியே ஏறும். சப்பாத்திக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் மாவட்டங்களில் கேழ்வரகு மாவுக்குப் பஞ்சமில்லை, ஸ்கோனிலும் அது நன்றாகப் பொருந்துகிறது. 190 கிராம் மைதாவுக்கு 60 கிராம் கேழ்வரகு மாவு. அதற்குமேல் கூட்டினால் எழும்பாது, ஏனென்றால் கேழ்வரகில் அந்த ரப்பர் வலை உருவாகவே உருவாகாது. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் 45 கிராம் நாட்டுச் சர்க்கரை, பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன் கூடுதல், பாலும் இரண்டு மேசைக்கரண்டி கூடுதல். கலந்ததும் பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் விட்டுப் பிறகு தட்டுங்கள். கேழ்வரகு தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும், அவசரப்பட்டால் வெந்தபின் நறநறக்கும். உலர் திராட்சை சேர்ப்பதானால் 60 கிராமைச் சுடுதண்ணீரில் பத்து நிமிடம் ஊற வைத்து, துணியில் ஒற்றி, பால் ஊற்றுவதற்கு முன் மாவில் போடுங்கள். மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் திராட்சையைக் கிள்ளி எடுத்துவிடுங்கள், கருகிக் கசக்கும்.

தொட்டுக்கொள்ள ஜாமும், இங்கிலாந்தில் 'கிளாட்டட் கிரீம்' என்று சொல்லும் கெட்டிப் பாலேடும் வேண்டும். டெவன் பகுதியில் முதலில் பாலேடு, மேலே ஜாம். கார்ன்வாலில் முதலில் ஜாம். உங்கள் இஷ்டம். பாக்கெட்டில் வரும் ஃப்ரெஷ் கிரீமில் கொழுப்பு 25 சதவீதம்தான், அது ஓடும். அதைவிட நம் வீட்டுப் பாலாடை பல மடங்கு நெருக்கமானது. ஆவின் ஆரஞ்சு பாக்கெட் அல்லது எருமைப்பால் ஒரு லிட்டரை அகலமான பாத்திரத்தில் பொங்கவிட்டு, தீயை மிகக் குறைத்து, கலக்காமல் 20 நிமிடம் விடுங்கள். மெல்ல ஆற வைத்து, இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்தால் மேலே தடித்த ஆடை படியும். அதை எடுத்துக் கரண்டியால் லேசாக மசித்தால் போதும்.

ஜாமுக்குக் கிருஷ்ணகிரிக்காரர்கள் கடைக்குப் போக வேண்டியதே இல்லை. இங்கே பழக்கூழ் ஆலைகளுக்குப் போகிற அதே தோத்தாபுரி மாம்பழம், பெங்களூரா என்றும் சொல்வோம், ஜாமுக்கு மிகப் பொருத்தம், அதன் லேசான புளிப்பு ஸ்கோனின் வெண்ணெயை வெட்டும். அரை கிலோ விழுதுக்கு 300 கிராம் சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. அடிகனமான பாத்திரத்தில் கிளறிக்கொண்டே கொதிக்கவிட்டு, ஃப்ரீசரில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளினால் சுருக்கம் விழ வேண்டும். நன்றாகக் கனிந்ததோடு ஒன்றிரண்டு செங்காயும் சேர்த்தால் சீக்கிரம் இறுகும். பாலக்கோடு, ராயக்கோட்டைத் தக்காளி விலை சரிந்து கிடக்கும் நாட்களில் இதே முறையில் தக்காளி ஜாமும் போடலாம். தண்ணீர் அதிகம் என்பதால் நேரம் மட்டும் கூடும். மாம்பழத் துண்டுகளை நேராக ஸ்கோன் மாவில் போட வேண்டாம், தண்ணீர் விட்டு நடுவில் வேகாமல் களியாகும்.

வெந்ததும் மென்மையான மேல்தோல் வேண்டுமென்றால் சுத்தமான பருத்தித் துணியில் மூடி ஆற விடுங்கள். மொறுமொறுப்பு வேண்டுமென்றால் கம்பித் தட்டில் திறந்தபடி. கத்தியால் அறுக்காமல், அந்த வெடிப்புக் கோட்டில் விரலால் பிரியுங்கள். அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டிய பண்டம் இது, மறுநாள் 160 டிகிரியில் ஆறு நிமிடம் சூடாக்கினால் ஓரளவு திரும்பும். மைக்ரோவேவில் வைத்தால் ஆறியதும் இழுவையாகிவிடும். இரண்டு பேர் மட்டும் உள்ள வீடு என்றால் ஒன்பதையும் சுட வேண்டாம். வெட்டிய பச்சைத் துண்டுகளைத் தட்டில் உறைய வைத்து, பிறகு டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் ஒரு மாதம் இருக்கும். வேண்டும்போது உருக விடாமல் அப்படியே காய்ந்த ஓடிஜியில் வைத்து, நேரத்தை மட்டும் நான்கு நிமிடம் கூட்டுங்கள். சொல்லப்போனால், கோடையில் கல்லாக உறைந்த வெண்ணெயோடு உள்ளே போகும் இந்தத் துண்டுகள்தான் புதிதாகத் தட்டியதைவிட உயரமாக வரும்.